கருங்கல் பெண்ணுக்குக் கட்டுச்சோறு

தெய்வசிகாமணியின் தோட்டத்தில் நின்றிருந்த கருங்கல் பெண் மாசமாக இருக்கிறாள் என்பதை முதலில் கண்டுகொண்டவள் அவர் மனைவி கஸ்தூரிதான். சித்திரை மாதத்துக் காலையொன்றில் காப்பித் தம்ளரோடு கண்ணாடிக் கதவருகே வந்து நின்றவள், சிலையின் கொசுவம் கொஞ்சம் மேலே ஏறியிருப்பதையும், கைக்கும் இடுப்புக்கும் நடுவே வெளிச்சம் வந்துகொண்டிருந்த சந்து அடைபட்டிருப்பதையும் பார்த்தாள், மெல்போர்னில் இருக்கும் மகளுக்கு அப்போதுதான் பிரசவம் பார்த்துவிட்டுத் திரும்பியவள் என்பதால் அவளுக்குச் சந்தேகமே வரவில்லை, உள்ளே போய்ச் சமையல்கார அம்மாளிடம் இனிமேல் வீட்டில் பப்பாளி நறுக்க வேண்டாம் என்று மட்டும் சொன்னாள், தோட்டத்தில் ஒரு பிள்ளைத்தாய்ச்சி நிற்கும்போது அந்த வாசம் ஆகாது என்று அவளுக்குத் தோன்றியது.

சிறுவாணி ரோட்டில் மலையைப் பார்த்தபடி கட்டப்பட்டிருந்த அந்த வில்லாக் குடியிருப்பு முழுக்கச் சீக்கிரமே விஷயம் தெரிந்துவிட்டது. யாரும் வாயைப் பிளக்கவில்லை. காலையில் நடைப்பயிற்சி போகிறவர்கள் அந்த வீட்டுக்கு முன்னால் வந்ததும் சத்தத்தைக் குறைத்துக்கொண்டார்கள், பெண்கள் மாங்காய்க் கீற்றில் உப்பு தடவிக் கொண்டுவந்து சிலையின் காலடியில் வைத்தார்கள், சங்கத்துச் செயலாளர் பெரியநாயகம் வந்து புல்வெட்டும் மெஷினை அவள் பக்கத்தில் ஓட்ட வேண்டாம், அதிர்வு ஆகாது என்று தோட்டக்காரருக்குச் சொல்லிவிட்டுப் போனார். கோடி வீட்டு டாக்டர் மேரி ஸ்டெல்லா, ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் காரை நிறுத்திவிட்டு வந்து, ஸ்டெதஸ்கோப்பைக் கல் வயிற்றில் வைத்து ரொம்ப நேரம் கேட்டுவிட்டு, குழந்தையின் துடிப்பு நன்றாக இருக்கிறது, தாய்க்குத்தான் ரத்தம் போதவில்லை, பாதத்தில் முருங்கைக்கீரைச் சாறு ஊற்றுங்கள் என்றார். ஊற்றினார்கள். கல் குடித்துக்கொண்டது.

ஆனால் செதுக்கியவர் அவள் கழுத்தில் தாலி செதுக்கியிருக்கவில்லை. மாங்காய் கொண்டுவந்த பெண்கள் அதை ஒருநாள் கவனித்தார்கள், கவனித்துவிட்டுத் தலையைத் திருப்பிக் கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் சோபாவில் உட்கார்ந்திருந்த தெய்வசிகாமணியைப் பார்த்தார்கள், பிறகு வீட்டுக்குப் போனார்கள்.

அந்தச் சிலையை அங்கே கொண்டுவந்து நிறுத்தியவள் பெயர் திலகமணி. பெங்களூரிலும் கோயம்புத்தூரிலும் பெரிய வீடுகளுக்குத் தோட்டம் வடிவமைத்துத் தருகிறவள். நரைத்த முடியை ஒட்ட வெட்டியிருப்பாள், அதிகம் பேச மாட்டாள். பத்தொன்பது வயதில் அவள் கோபி டவுனுக்குப் பக்கத்தில் ஓர் அரிசி ஆலை ஆபீசில் டைப் அடித்துக்கொண்டிருந்தாள். ஆலை முதலாளியின் மகன்தான் தெய்வசிகாமணி. தவிடு பறக்கிற அந்த ஆபீசில் அவன் அவளுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, கல்யாணம் பண்ணிக்கொள்கிறேன் என்று சொன்னான், சொன்னதை அவள் நம்பினாள், வயிறு தெரிய ஆரம்பித்ததும் அவளுடைய அம்மா அவளைக் கூட்டிக்கொண்டு ஆலைக்குப் போய் நின்றாள். சாதிக்காரப் பெரியவர்கள் நாற்காலிகளில் உட்கார்ந்திருக்க, அவர்கள் முன்னால் அவன் அவள் முகத்தைப் பார்த்து, இந்தப் பொண்ணு யாருன்னே எனக்குத் தெரியாதுங்க என்றான். அன்றைக்கே அவளை ஒரு காரில் ஏற்றி வேறு ஊருக்குக் கொண்டுபோனார்கள். அங்கே அவள் வயிற்றில் இருந்ததை எடுத்தார்கள். எடுத்ததை அவளிடம் காட்டவில்லை, ஆணா பெண்ணா என்று அவள் கேட்டதற்கு அங்கிருந்த நர்ஸ் பதில் சொல்லாமல் ஜன்னலைச் சாத்தினாள். அம்மா அந்த வருஷமே போய்ச் சேர்ந்தாள். திலகமணி பெங்களூருக்குப் போய் ஒரு நர்சரியில் தொட்டிக்கு மண் நிரப்பும் வேலைக்குச் சேர்ந்து, செடிகளைக் கற்று, நிலத்தைக் கற்று, வெளிச்சம் எங்கே விழும் நிழல் எங்கே படுக்கும் என்பதையெல்லாம் கற்று, பெயர் வாங்கினாள். இத்தனைக்கும் நடுவில் அவள் மனசில் அவன் இன்னும் கட்டாத ஒரு வீடு இருந்தது, அந்த வீட்டுக்கு ஒருநாள் தோட்டம் போடக் கூப்பிடுவார்கள் என்று அவள் காத்திருந்தாள்.

கூப்பிட்டார்கள். பத்திரிகையில் அவள் வேலையைப் பார்த்துவிட்டுக் கஸ்தூரிதான் போன் செய்தாள். காங்கிரீட்டும் கண்ணாடியுமாக இருந்த அந்தப் புது வீட்டின் ஹாலில் தெய்வசிகாமணி அவளுக்கு எதிரே உட்கார்ந்து, தோட்டம் மாடர்னாகவும் இருக்க வேண்டும், நம்ம ஊர்த்தனமும் இருக்க வேண்டும், நல்லதாக ஒரு சிற்பமும் வேண்டும் என்றார். அவள் பெயரைக் கேட்டார், முகத்தைப் பார்த்தார், பிஸ்கட் தட்டை அவள் பக்கம் நகர்த்தினார். எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கிறதே என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை.

சிற்பத்தைத் தோட்டத்தில் எங்காவது ஒரு மூலையில் வைத்துவிட முடியாது, சிற்பம் எங்கே என்று முடிவுசெய்த பிறகுதான் தோட்டத்தையே வரைய வேண்டும் என்று அவள் அவர்களுக்கு விளக்கினாள். ஆள் உயர மூங்கில் ஒன்றை மண்ணில் நட்டுவிட்டு வீட்டுக்குள் அறை அறையாகப் போய் நின்று பார்த்தாள், சோபாவில் உட்கார்ந்து பார்த்தாள், சாப்பாட்டு மேசையில் தெய்வசிகாமணி உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தாள், மாடிப்படி திரும்பும் இடத்தில் நின்று பார்த்தாள், அவர் பல் துலக்கும் பால்கனியில் நின்று பார்த்தாள், எல்லா இடத்திலிருந்தும் தெரிகிற ஓர் இடம் கிடைக்கும்வரை மூங்கிலைப் பிடுங்கிப் பிடுங்கி நட்டாள். பீடம் வைக்கலாமா என்று கஸ்தூரி கேட்டதற்கு, பீடத்தில் ஏற்றினால் சாமியாகிவிடும், கும்பிட்டுவிட்டு முகத்தைப் பார்க்காமல் போய்விடுவார்கள், மனுஷி என்றால் நாம் நடக்கிற மண்ணில்தான் நிற்க வேண்டும் என்றாள். கருங்கல் எடுப்பாகத் தெரியப் பின்னால் வெளிர் நிறத்தில் உயரமான புல் வைத்தாள், முன்னால் முழங்கால் ஆழத்தில் ஒரு தண்ணீர்த் தொட்டி கட்டி அதில் சிலை தலைகீழாகவும் தெரியும்படி செய்தாள், தொட்டியைச் சுற்றிப் பலகைக்கல் பதித்து நடைபாதை போட்டாள். திருமுருகன்பூண்டிச் சிற்பி ஒருவரிடம் தன் பத்தொன்பது வயதுப் போட்டோவைக் கொடுத்துச் செதுக்கச் சொல்லியிருந்தாள். கையில் குடம் வேண்டாம், பூ வேண்டாம், விளக்கு வேண்டாம், இரண்டு கையும் காலியாகத் தொங்கட்டும் என்று சொல்லியிருந்தாள்.

அவள் நினைத்தது அவ்வளவுதான். அந்த மனிதர் விழித்தாலும் சாப்பிட்டாலும் படியேறினாலும் அந்த முகத்தைப் பார்க்க வேண்டும், பார்த்துப் பார்த்து ஒருநாள் சோறு தொண்டையில் நிற்க வேண்டும். ஆனால் அவருக்குச் சோறு நன்றாகவே இறங்கியது. விருந்தாளிகளைக் கூட்டிக்கொண்டுவந்து, பூண்டியில் செஞ்சதுங்க, ஒரே கல்லு என்று பெருமையாகக் காட்டினார், சிலையின் தோளில் கைபோட்டுப் போட்டோ எடுத்துக்கொண்டார். அந்தப் போட்டோ பத்திரிகையில் வந்ததைப் பார்த்த அன்று திலகமணி சாப்பிடவில்லை. மறந்துபோன ஒருவனை எப்படித் தண்டிப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. அந்த மாசம்தான் கல்லுக்கு நாள் தள்ளிப்போயிருக்க வேண்டும்.

வயிறு நன்றாக எடுத்தபிறகு குடியிருப்புப் பெண்கள் கூடிப் பேசி, வளைகாப்புக்குக் கட்டுச்சோறு கொண்டுவர அவளுக்குத் தாய்வீடு என்று ஒன்று இருக்கத்தானே வேண்டும், கூட்டிவந்து விட்டவள்தான் தாய்வீடு என்று முடிவுசெய்து திலகமணிக்குச் சொல்லியனுப்பினார்கள். போனில் விஷயத்தைக் கேட்ட திலகமணி எத்தனை பேர் வருவார்கள் என்று மட்டும் கேட்டுக்கொண்டாள். எலுமிச்சஞ்சோறு, புளிசோறு, தக்காளிச்சோறு, தயிர்சோறு எல்லாம் தன் கையாலேயே கிண்டித் தூக்குப்போசிகளில் அடைத்துக்கொண்டு, கூடை நிறையக் கண்ணாடி வளையலும் வாங்கிக்கொண்டு வந்தாள். கல்லின் வயிற்றை முதல்முறையாகப் பார்த்தபோது அவள் தூக்குப்போசிகளைப் புல்லில் வைத்துவிட்டுத் தன் அடிவயிற்றில் கையை வைத்துக்கொண்டாள். பெண்கள் ஒவ்வொருவராகச் சந்தனம் பூசி வளையல் போட்டார்கள், கல் மணிக்கட்டில் வளையல்கள் ஒன்றுகூட உடையாமல் ஏறின. தாய்வீட்டு முறை முடிந்தது, இனி மாமியார் வீட்டு முறை, புள்ளையோட அப்பா வந்து மாலை போடணும் என்று கூட்டத்தில் வயசான ஒரு பெண் சொன்னாள். சொல்லிவிட்டு எல்லோரும் கண்ணாடிச் சுவரைப் பார்த்தபடி நின்றார்கள். உள்ளே தெய்வசிகாமணி எழுந்து திரையை இழுத்து மூடினார்.

கஸ்தூரி மட்டும் திரையைப் பார்க்கவில்லை. திலகமணியைப் பார்த்தாள், சிலையைப் பார்த்தாள், திரும்பவும் திலகமணியைப் பார்த்தாள். வெட்டிய நரைமுடியையும் கண்ணோரச் சுருக்கத்தையும் எடுத்துவிட்டுப் பார்த்தால் இரண்டும் ஒரே முகம். அன்று சாயந்திரமே அவள் தன் துணிமணிகளைத் தோட்டத்துப் பக்கம் இருந்த அறைக்கு மாற்றிக்கொண்டாள். அதற்குப் பிறகு புருஷனுக்குச் சோறு போட்டாள், பேசவில்லை.

சங்கக் கூட்டம் ஞாயிற்றுக்கிழமை காலையில் நடந்தது. பெரியநாயகம் ரொம்ப மரியாதையாகத்தான் ஆரம்பித்தார். நாலு குடும்பம் இருக்கிற இடம், பிறக்கப்போகிற குழந்தைக்கு ஒரு இனிஷியல் வேண்டும், பெரிய மனுஷர் நீங்கள் ஒரு வார்த்தை ஒத்துக்கொண்டால் மேற்கொண்டு யாரும் எதுவும் கேட்கப்போவதில்லை என்றார். தெய்வசிகாமணிக்குக் கோபத்தில் கழுத்து சிவந்தது. கல்லுக்கு நான் எப்படிப் பொறுப்பாக முடியும் என்று கேட்டார். கல்லென்று பார்க்காதீர்கள், பெண்பிள்ளை என்று பாருங்கள் என்று டாக்டர் மேரி ஸ்டெல்லா சொன்னார். தெய்வசிகாமணி எழுந்து வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, அழுத்தமாகச் சொன்னார்:

"அவ யாருன்னே எனக்குத் தெரியாதுங்க."

அடுத்த நாள் காலையில் கிரேன் வந்தது. கிரேன்காரர் பெல்ட்டை எடுத்துக்கொண்டு சிலையைச் சுற்றி வந்தார், வயிற்றைப் பார்த்தார், வளையல்களைப் பார்த்தார், எங்க வீட்டிலயும் இப்படித்தாங்க நிக்குது, நான் இதைத் தூக்கினா என் கை விளங்குமுங்களா என்று கேட்டுவிட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். தார்ப்பாய் போட்டு மூடினார்கள். கஸ்தூரி வந்து உருவிப் போட்டாள். கடைசியில் தெய்வசிகாமணியே சம்மட்டியை எடுத்துக்கொண்டு நட்ட நடு மத்தியானத்தில் தோட்டத்தில் இறங்கி ஓங்கி ஒரு அடி போட்டார். கல்லில் கீறல்கூட விழவில்லை, உள்ளேயிருந்து யாரோ எட்டி உதைத்த மாதிரி சம்மட்டிதான் எகிறித் தொட்டிக்குள் விழுந்தது. அவர் திலகமணிக்குப் போன் செய்து உடனே வரச் சொன்னார்.

அவள் வந்தாள். இருவரும் தண்ணீர்த் தொட்டியின் இரண்டு பக்கமும் நின்றார்கள்.

"நீங்க கொண்டாந்து வச்சது. நீங்களே எடுத்துருங்க, அம்மணி. என்ன வேணுமோ கேளுங்க" என்றார்.

"கோபி ஆலை ஆபீசுல டைப் அடிச்ச பொண்ணுங்க இவ" என்றாள் திலகமணி.

அவர் நெற்றியைச் சுருக்கி யோசித்தார். உண்மையாகவே யோசித்தார், அதுதான் அவளால் தாங்கிக்கொள்ள முடியாததாக இருந்தது. "அங்க நிறையப் பேரு வேலை பாத்தாங்களேங்க" என்றார்.

அவள் தொட்டியைச் சுற்றி நடந்துபோய்க் கல்லின் வயிற்றில் உள்ளங்கையை வைத்து, உள்ளே இருந்ததிடம் குனிந்து எதையோ சொன்னாள். என்ன சொன்னாள் என்பது கடைசிவரை யாருக்கும் தெரியாது. கையை எடுத்தபோது கல் சூடாக இருந்தது.

ஐப்பசி மழை விட்டு வெயில் அடித்த ஒரு மத்தியானத்தில், பள்ளிக்கூட வேன்கள் வருவதற்கு முன்னால், கல்லுக்கு வலி எடுத்தது. தொட்டித் தண்ணீர் அடுப்பில் வைத்தது போலக் கொதித்தது. டாக்டர் மேரி ஸ்டெல்லா கையுறை மாட்டிக்கொண்டு வந்தார், பெண்கள் புடவைகளைப் பிடித்து மறைப்புக் கட்டினார்கள், ஆண்கள் ரோட்டில் நின்றார்கள், கஸ்தூரி கல்லின் தோளைத் தாங்கிக்கொண்டாள், திலகமணி எதிரே மண்ணில் மண்டியிட்டிருந்தாள். பாறை பிளக்கிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது, பிறகு அழுகை. டாக்டர் தூக்கப் பார்த்தார், முடியவில்லை, அதனால் புல்லில் கிடத்தியபடியே ஈரத்துணியால் துடைத்துவிட்டு, பெண் குழந்தை என்றார்.

திலகமணி அந்த வார்த்தையைத் தனக்குள் இரண்டு மூன்று முறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். அத்தனை வருஷமும் அது அவளுக்குத் தெரியாமல் இருந்தது.

குழந்தை கருங்கல்லாக இருந்தது, கையும் காலும் ஆட்டியது, நகம் எல்லாம் இருந்தது. அதன் வலது காது மடல் மேல்பக்கம் உள்ளே மடங்கியிருந்தது. தெய்வசிகாமணிக்கும் அப்படித்தான், ஹாலில் மாட்டியிருந்த படத்தில் அவருடைய அப்பாவுக்கும் அப்படித்தான். பெண்கள் மறைப்பை விலக்கியபோது எல்லோரும் அந்தக் காதைப் பார்த்தார்கள். கேட்பதற்கு இனி எதுவும் இல்லை. கல்லின் வயிறு வடிந்து, அவள் பழையபடி காலியான கைகளைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றாள்.

குழந்தை அழுதுகொண்டே இருந்தது. ஆட்டுக்கல்லை வெறுமனே சுற்றினால் வருகிற சத்தம் போல இருந்தது அந்த அழுகை. அதைக் கேட்டுக் குடியிருப்பில் பால் திரிந்தது, படித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டார்கள், யாருக்கும் சோறு இறங்கவில்லை. ஆண்கள் பலபேர் சேர்ந்து தூக்கிப் பார்த்தும் அசையவில்லை. அப்பன் தூக்கினால் வரும் என்று பெரியநாயகம் சொன்னார். அவர் சொன்னதைச் சங்கம் ஏற்றுக்கொண்டது. தெய்வசிகாமணி திரைக்குப் பின்னால் கொஞ்ச நாள் உட்கார்ந்து பார்த்தார். மெல்போர்னிலிருந்து மகள் போன் செய்து, அங்கே தன் குழந்தையும் தூங்க மாட்டேன் என்கிறது, என்னப்பா செஞ்சீங்க என்று கேட்ட பிறகு, செருப்பில்லாமல் தோட்டத்தில் இறங்கினார்.

அவர் கைக்குக் குழந்தை வந்தது. ஆனால் கல்லின் எடை கல்லின் எடைதான். தோளில் போட்டுக்கொண்டு நின்றார், அழுகை நிற்கவில்லை, நடந்தார், நின்றது. அதனால் தொட்டியைச் சுற்றித் திலகமணி பதித்துக் கொடுத்த பலகைக்கற்களில் நடக்க ஆரம்பித்தார், வெயிலில் நடந்தார், தூறலில் நடந்தார், கஸ்தூரி வாயில் ஊட்டிவிடும் சோற்றை மென்றுகொண்டே நடந்தார், நடைப்பயிற்சிக்காரர்கள் வேலிக்கு வெளியே நின்று இன்றைக்குப் பரவாயில்லைங்களா என்று விசாரித்துவிட்டுப் போனார்கள். குழந்தை வளரவில்லை, கனம் மட்டும் ஏறிக்கொண்டே போனது. கனம் ஏற ஏற அவருக்கு ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது, முதலில் டைப்ரைட்டர் சத்தம், பிறகு தவிடு ஒட்டிய ஒரு பச்சைத் தாவணி, பிறகு தன் அப்பாவுக்கு முன்னால் தன் கால் நடுங்கியது, பிறகு வாசலுக்கு வெளியே ஒரு அம்மா புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றது. எல்லாம் வந்துசேர்ந்தபோது அவர் கூனிப்போயிருந்தார்.

கஸ்தூரிக்கு அதற்குமேல் பார்க்கப் பொறுக்கவில்லை. திலகமணியைக் கூப்பிட்டு, பாதையோரம் அவர் சாய்ந்துகொள்ள ஒரு பெஞ்சு போட்டுக் கொடுக்க முடியுமா என்று கேட்டாள். திலகமணி வந்து, தொட்டியோரம் இடம் பார்த்து, அளந்து, நான்கு குச்சி நட்டாள். தெய்வசிகாமணி நடந்து நடந்து அவளிடம் வந்து நின்றார்.

"ஞாபகம் வந்துருச்சு, மணி" என்றார். அந்தக் காலத்தில் அப்படித்தான் கூப்பிடுவார்.

"வந்தா சரிங்க."

"நான் செஞ்சது பெரிய பாவம். இவளை நீ எடுத்துட்டுப் போயிரு."

அவள் கையை நீட்டினாள். எத்தனையோ ஆண்கள் சேர்ந்து அசைக்க முடியாத குழந்தை அவளுடைய முழங்கையின் மடிப்பில் வந்து படுத்துக்கொண்டது, கனமே இல்லை, எல்லாக் குழந்தைகளும் என்ன கனமோ அவ்வளவுதான், வெதுவெதுப்பாகக்கூட இருந்தது. அழவில்லை. அவள் சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டு மேலே பார்த்தது. தலையை முகர்ந்தால் மழை விழுந்த பாறையின் வாசம்.

"உன்னோடதுதான், அம்மணி. கூட்டிட்டுப் போ" என்றாள் கஸ்தூரி, அழுதுகொண்டே.

திலகமணி குழந்தையோடு கேட் வரைக்கும் போனாள். காரின் பின்கதவைத் திறந்தாள், உள்ளே கிடந்த சால்வையை எடுத்துச் சீட்டில் மெத்தை மாதிரி மடித்துப் போட்டாள், பெங்களூர் வீட்டில் வெயில் வருகிற அறை எது என்று யோசித்தாள், பெயர்கூட ஒன்று மனசில் வந்தது. அப்போது ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். தெய்வசிகாமணி பாதையில் நின்றுகொண்டிருந்தார். முதுகை மெல்ல நிமிர்த்தி, தோளை உருட்டி, கண்ணை மூடி, மூச்சை ஆழமாக இழுத்து விட்டார், முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. அவர் இன்றைக்கு நன்றாகத் தூங்குவார் என்பது அவளுக்குத் தெரிந்தது. நாளைக்கும் தூங்குவார். கொஞ்ச நாளில் அவருக்குத் திரும்பவும் மறந்துபோகும்.

அவள் கார்க் கதவைச் சாத்தினாள். குழந்தையின் விரல்களைக் காலரிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்தாள், அதற்குத்தான் நேரமானது. திரும்பி நடந்துபோய் அதை அவர் தோளில் கிடத்தினாள். அவருடைய முழங்கால் மடங்கியது, தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார், குழந்தை அழ ஆரம்பித்தது, அவர் நடந்தார்.

பெஞ்சுக்காக நட்ட குச்சிகளைத் திலகமணி பிடுங்கிப் போட்டாள். அந்த இடத்தில் அரளி வைத்துவிடுங்கள் என்று தோட்டக்காரரிடம் சொல்லிவிட்டுக் காருக்குப் போய், சீட்டில் மடித்துப் போட்டிருந்த சால்வையை எடுத்துப் பிரித்தாள்.